வேலிக்கு இந்தப் பக்கம்

பீலெஃபெல்ட்
3 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, கால் வீக்கமும் இல்லை. ஆகையால் அந்த இரண்டையும் விசாரித்து அரைப் பக்கத்தை வீணாக்க வேண்டாம். உங்கள் பிரஷர் எப்படி? புது அதிபர் இன்னும் உங்களோடு முறைத்துக்கொண்டுதான் திரிகிறாரா?

போன கிழமை போனில் நாங்கள் இரண்டு பேரும் கத்திய பிறகு யோசித்தேன். இனிக் கடிதமே எழுதுவோம். கடிதத்தில் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே விழ முடியாது. உங்கள் குற்றச்சாட்டு இதுதானே: புருஷனைப் பிரிந்த பெண், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ஒரு வெள்ளைக்காரனோடு காட்டுக்குள் திரிகிறாள். யாரோ இங்கே இருக்கிற எங்கள் ஜெசிந்தன் அண்ணைக்குச் சொல்ல, அண்ணை உங்களுக்குச் சொல்ல, நீங்கள் மன்னாரில் இருந்து என்னை ஏசினீர்கள்.

பூசைக்கு நான் சனிக்கிழமை பின்னேரம் போகிறேன். அந்த வெள்ளைக்காரனின் பெயர் கிறிஸ்தோப்பர், டிராம் ஓட்டுகிறவர். விடிய வேலைக்குப் போகும்போது கடைசித் தரிப்பில் நான் மட்டும்தான் மிஞ்சுவேன். ஒருநாள் அவர் ஒரு பைனாகுலரை நீட்டி, எதிர்ப்பக்க மரத்தைக் காட்டினார். ஆந்தை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் தொடங்கியது. அவரோடு மனைவியும் வருவார், இன்னும் ஏழெட்டுப் பேரும் வருவார்கள். நகரத்துக்குத் தெற்கே உள்ள ஈரப் புல்வெளியில், சேற்றுக்குள் நின்று பறவை பார்ப்போம். அவ்வளவுதான் பாவம்.

கிழமையில் ஐந்து நாள் உறைந்த கேக் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறேன். ஆறாவது நாள் சமைக்கவும் உடுப்புத் தோய்க்கவும் போய்விடும். ஏழாவது நாள் என்னுடையது. அதை நான் ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன்.

கீபிட்ஸ் வந்துவிட்டது, அக்கா. எங்கள் ஆள்காட்டிக்குச் சொந்தக்காரப் பறவை. தலையில் மெல்லிய கொண்டை, பச்சையாய் மினுங்கும் முதுகு, பறக்கும்போது குடித்தவன் மாதிரிப் புரளும். ஒரு சோடி எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள தரிசு நிலத்தில் இறங்கியிருக்கிறது. இடைவேளையில் சிகரெட் பிடிக்கிற மூலையில் நின்றால் வேலிக்கு ஊடாகத் தெரியும். நான் சிகரெட் பிடிப்பதில்லை என்பதையும் அண்ணைக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
நிற்றா

•

மன்னார்
24.03.2024

அன்பான நிற்றாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிரஷருக்கு மாத்திரை போடுகிறேன். நீ போன் எடுக்காத நாட்களில் அது நன்றாகவே இருக்கிறது. அதிபர் என்னைக் கண்டால் வேறு விறாந்தையால் போகிறார். அதுவும் ஒரு சுகம்தான்.

பறவை பார்க்க ஜேர்மனியில் சேற்றுக்குள் நிற்க வேண்டுமா? இங்கே பாலத்தால் பஸ் வரும்போது இரண்டு பக்கமும் பூநாரை நிற்கிறது. நான் ஜன்னலோரம் இருந்து கொப்பி திருத்திக்கொண்டு வருகிறேன். எந்தப் பறவையும் என்னைத் தேடியதில்லை.

கிறிஸ்தோப்பருக்கு மனைவி இருப்பது நல்ல செய்தி. ஆனால் ஊர்வாய் மனைவியைக் கணக்கெடுக்காது. உன்னை ஜேர்மனிக்குக் கூப்பிட்டது அண்ணன், அந்தக் கேக் கொம்பனியில் சேர்த்துவிட்டது அண்ணன். அந்த மனிதன் மற்றவர்கள் முன் தலைகுனியக் கூடாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போ.

பெரிய செய்தி, தேனுஜாவின் கலியாணம் புரட்டாதியில். தன் ஒரே மகளின் கலியாணத்துக்கு நான் வராமல் முடியாது என்கிறார் அண்ணன். விசாவுக்கு அழைப்புப் பத்திரம் தானே போடுவாராம். கடவுச்சீட்டு எடுத்துவிட்டேன். படத்தில் ஆள் கடத்தியவள் மாதிரி இருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அன்புடன்
அக்கா சுஜீவா

•

பீலெஃபெல்ட்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனதுக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு வேலை பார்த்துவிட்டேன். அண்ணை உங்களுக்குச் சொல்லுமுன் நானே சொல்கிறேன்.

அந்தச் சோடி வெறும் மண்ணில் ஒரு சின்னக் குழி பறித்து நாலு முட்டை இட்டது. பெட்டை அடைகாக்கும், சேவல் மேலே புரண்டு புரண்டு காகத்தைக் கலைக்கும். இரண்டு கிழமையாக என் இடைவேளையெல்லாம் அதுதான். பிறகு ஒருநாள் நிலம் முழுக்கச் சிவப்பு முனை வைத்த அளவைத் தடிகள். புதிய குளிரூட்டி மண்டபம் கட்டப் போகிறார்களாம். திங்கட்கிழமை மண் வெட்டும் மெஷின் வரும் என்றார்கள்.

மேற்பார்வையாளரிடம் போனேன். "முட்டையா? ஈஸ்டர் முடிந்துவிட்டதே!" என்று சிரித்தார். முகாமையாளருக்கு ஈமெயில் எழுதினேன். பதில் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்தேன். கிறிஸ்தோப்பர், "எங்கள் குழுவின் பெயரில் முறைப்பாடு கொடுப்போம், நீ வேலை செய்கிற இடம், உன் பெயர் வேண்டாம்" என்றார். கூட்டைக் கண்டது நான். என் முழுப் பெயரையும் எழுதி, நகரசபையின் இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்கு அனுப்பினேன்.

திங்கள் காலை மெஷினும் வந்தது, அதிகாரியும் வந்தார். குஞ்சுகள் பறக்கும்வரை அந்த நிலத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கொண்டுவந்த லொறியிலேயே மெஷினை ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், அக்கா. லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது. அன்று முழுக்க எனக்குக் குளிரவில்லை.

பின்னேரம் அண்ணை போன் எடுத்தார். அவருடைய துப்புரவு ஆட்கள்தான் எங்கள் தொழிற்சாலையைக் கழுவுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். புது மண்டபமும் அவருக்குத்தான் என்று முகாமையாளர் வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"கொம்பனியை ஏன் சொறியிறாய்? உனக்கு என்ன குறை வைச்சவங்கள்?"

"எனக்குக் குறை இல்லை அண்ணை. பறவை முட்டையில இருக்குது."

"விசரி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நீங்களும் அதையே எழுதுவீர்கள் என்று தெரியும். எழுதுங்கள்.

உங்கள்
நிற்றா

•

மன்னார்
12.05.2024

அன்பான நிற்றா,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிரஷர் பற்றிக் கேட்காதே, உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

விசரி என்று எழுதமாட்டேன். ஆனால் கணக்குப் படிப்பிக்கிறவள் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். குஞ்சு பறந்த பிறகு அந்த மண்டபத்தைக் கட்டுவார்களா, மாட்டார்களா? கட்டுவார்கள். அடுத்த வருஷம் அந்தப் பறவைக்கு அங்கே இடம் இருக்குமா? இருக்காது. அப்படியென்றால் நீ மிச்சம் பிடித்தது என்ன? ஒரு சில கிழமைகள். அதற்காக உன் வேலை, அண்ணனின் வேலை, அவரிடம் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளின் வேலை எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்த முட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய். எனக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

அந்த நாட்டில் நாங்கள் விருந்தாளிகள், நிற்றா. விருந்துக்குப் போன வீட்டில் கதிரையை இடம் மாற்றி வைக்கக் கூடாது.

கலியாணத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை வாங்கினேன், கழுத்துவரை பொத்தான். போட்டுப் பார்த்து வியர்த்து விழுந்தேன். புரட்டாதியில் அங்கே அவ்வளவு குளிருமா?

அன்புடன்
அக்கா

•

பீலெஃபெல்ட்
26 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

புரட்டாதியில் குளிராது. ஆனால் சட்டையைக் கொண்டு வாருங்கள், உங்களை என்னோடு விடியப்புறம் புல்வெளிக்குக் கூட்டிப்போவேன்.

உங்கள் கணக்குக்கு விடை: மிச்சம் பிடித்தது நாலு குஞ்சு. ஒன்றைக் காகம் கொண்டுபோய்விட்டது. இப்போது மூன்று. உங்கள் கட்டைவிரல் அளவு உடம்பு, அதற்குப் பொருந்தாத நீளக் கால். தாய் ஒரு குரல் கொடுத்தால் மூன்றும் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிடும். கண்ணுக்கு முன்னாலேயே காணாமல் போகும். இந்த விடை போதாது என்றால் என்னிடம் வேறு விடை இல்லை.

நான் விருந்தாளி இல்லை, அக்கா. பத்தொன்பது வருஷமாக வரி கட்டுகிறேன்.

இனி மற்றச் செய்தி. கொம்பனி எனக்கு அப்மானுங் கொடுத்திருக்கிறது. அதாவது எழுத்தில் எச்சரிக்கை. இன்னொன்று வந்தால் வேலை போகலாம். காரணம் என்ன தெரியுமா? நான் வேலை நேரத்தில் வேலியைத் தாண்டிக் கட்டுமான நிலத்துக்குள் போனேனாம். நான் தாண்டவில்லை. என்னிடம் உள்ள ஒவ்வொரு படத்திலும் வேலிக் கம்பி தெரிகிறது. முகாமையாளர் பேனையை நீட்டி, "இது வெறும் ஒழுங்குமுறை, கையெழுத்து வையுங்கள்" என்றார். 'கிடைத்தது, ஆனால் உண்மை இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மறுநாள் என்னைப் பெட்டி ஓடுகிற பெல்ட்டில் இருந்து எடுத்து உறைகுளிர் அறைக்குள் போட்டார்கள். இமை மயிரில் பனி பிடிக்கிறது. பழகிவிடும்.

தொழிலாளர் சபையில் ஒரு துருக்கிப் பெண் இருக்கிறார். அவர் ஒருவர்தான் என்னோடு நின்றார். தொழிற்சங்கத்தின் மூலம் தொழில் நீதிமன்றத்துக்குப் போகிறேன்.

அண்ணை வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"அது ஒரு தாள். கோப்புக்குள்ள கிடந்து போட்டு மூண்டு வருசத்தில மக்கிப்போகும். நீ ஏன் கோட்டுக்குப் போறாய்?"

"அது பொய்த்தாள் அண்ணை."

"நான் இந்த நாட்டில எத்தினை பொய்த்தாளில கையெழுத்து வைச்சனான் எண்டு தெரியுமே உனக்கு? குனிஞ்சு நிண்டதாலதான் இண்டைக்கு நிமிர்ந்து நிக்கிறம். நீ எங்கட ஆக்களையே காட்டிக்குடுக்கிற ஆள்காட்டி."

"அந்தப் பறவை சத்தம் போடுறது குஞ்சைக் காப்பாத்த. ஆரையும் காட்டிக்குடுக்க இல்லை."

எழும்பிப் போய்விட்டார். தேத்தண்ணீரை நானே குடித்தேன்.

உங்கள்
நிற்றா

•

மன்னார்
23.06.2024

நிற்றாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

கலியாணத்துக்கு நான் வரவில்லை. முழங்கால் நோகிறது. அவ்வளவு தூரம் பிளேனில் காலை மடக்கிக்கொண்டு இருக்க ஏலாது. தேனுஜாவுக்கு ஒரு சேலை அனுப்புகிறேன்.

உறைகுளிர் அறையில் இரண்டு சோடி காலுறை போடு.

அக்கா

•

பீலெஃபெல்ட்
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஒரு தந்தி மாதிரி இருந்தது. வாசித்த நேரத்தைவிட உறையைக் கிழித்த நேரம் கூட. முழங்கால் எப்போது நோகத் தொடங்கியது? இரண்டாம் மாடிக்கு ஏறி இறங்கிப் பாடம் எடுக்கிறீர்களே. டொக்டரிடம் காட்டினீர்களா? எந்த டொக்டர்? வீங்கியிருக்கிறதா? நான் அனுப்பிய வழக்குக் கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏசவும் இல்லை. நீங்கள் ஏசாவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்று குஞ்சும் பறந்துவிட்டன. கடைசியாகப் பார்த்த அன்று அவை வேலிக்கு மேலாக வந்து, வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி, தெற்குப் பக்கம் போயின. உறைகுளிர் அறையில் இருந்து வெளியே வந்து பத்து நிமிஷம் வெயிலில் நிற்க எங்களுக்கு உரிமை உண்டு. நான் அந்தப் பெரிய கம்பளி உடுப்போடு, மூக்கு வடிய, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த போலந்துக்காரன், மண்டபம் பிந்தியதால் நிரந்தர வேலை பிந்திய ஆள், இரண்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவன், தானும் அண்ணாந்து பார்த்தான். "இவ்வளவுதானா?" என்று கேட்டான். "இவ்வளவுதான்," என்றேன். அவன் கோபப்பட்டானா சிரித்தானா தெரியவில்லை, சிகரெட்டை நசுக்கிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த கிழமையே மெஷின் வந்துவிட்டது. இப்போது அங்கே பெரிய பள்ளம். நான் அழவில்லை. இப்படித்தான் முடியும் என்று தெரிந்துதான் தொடங்கினேன்.

முழங்காலைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள்
நிற்றா

•

பீலெஃபெல்ட்
18.07.2024

அன்ரனிற்றாவுக்கு,

நீ போன் எடுக்கிறாய் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் கடிதம் எழுதுகிற ஆட்கள். சரி, நானும் எழுதுகிறேன். உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு முத்திரை ஒட்டுகிறேன் பார்.

என்னிடம் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது. முகாமையாளர் இப்போது என்னைக் கண்டால் கைகுலுக்குவதில்லை. "உங்கள் தங்கைதானே அது?" என்று மற்ற ஆட்களுக்கு முன்னால் கேட்டார். ஓம் என்றேன். என்ன சொல்ல முடியும்?

உன் அக்காவிடம் போன மாதம் தெளிவாகச் சொன்னேன். "நீ சொன்னால் நிற்றா கேட்பாள், வழக்கைக் கைவிடச் சொல்லு, இல்லையென்றால் கலியாணத்துக்கு உனக்கு நான் அழைப்புப் பத்திரம் போடமாட்டேன்" என்று. உன் அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அப்ப போடாதேங்கோ அண்ணை" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவும் இல்லை. இரண்டு தங்கைகளை வளர்த்து ஆளாக்கியதற்கு எனக்குக் கிடைத்தது இது.

நீதிமன்றத்தில் இருந்து வழக்கை எடு. எடுத்தால் கலியாணத்துக்கு வா, முன்வரிசையில் இரு. எடுக்காவிட்டால் வராதே. மகளின் நல்ல நாளில் மற்றவர்கள் உன்னை விரல் நீட்டுவதை நான் பார்க்கமாட்டேன்.

குளிர் அறையில் உடம்பைக் கவனி.

ஜெசிந்தன்

•

பீலெஃபெல்ட்
11 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணை எழுதிவிட்டார்.

ஏன் சொல்லவில்லை? எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்துக்கு அன்றைக்கே போன் எடுத்திருப்பேன். எடுத்திருந்தால் கத்தியிருப்பேன், பிறகு அழுதிருப்பேன், நீங்கள் வைத்திருப்பீர்கள். அதனால் எடுக்கவில்லை. எனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் என்னை ஏசிவிட்டு, அங்கே எனக்காகத் தேனுஜாவின் கலியாணத்துக்கு வருகிற பயணத்தையே தூக்கி எறிந்திருக்கிறீர்கள்.

வழக்கு முடிந்தது. எப்படி முடிந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் நான் அந்த அறைக்குள் போகும்போது உங்களை நினைத்துக்கொண்டுதான் போனேன்.

நீதிபதி என் வயதுள்ள பெண். கொம்பனிச் சட்டத்தரணி நிலத்தின் வரைபடத்தை விரித்து, நான் எங்கே தாண்டினேன் என்று காட்டினார். "தாண்டியதை யார் கண்டது?" என்று நீதிபதி கேட்டார். சட்டத்தரணி கோப்பைப் புரட்டினார். முகாமையாளர் மேசையைப் பார்த்தார். பிறகு நீதிபதி, வழக்கை நீட்டாமல் ஒரு இணக்கத்துக்கு வருவோம் என்றார்: எச்சரிக்கை இந்த வருஷ முடிவுவரை கோப்பில் இருக்கட்டும், பிறகு எடுத்துவிடுவார்கள். என்னுடைய சட்டத்தரணியே என் காதுக்குள், "நல்ல முடிவு, ஒத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

நான் எழும்பினேன். ஜேர்மன் மொழியில், பிழையோடுதான், சொன்னேன். "நான் வேலியைத் தாண்டவில்லை. தாண்டினேன் என்று அந்தத் தாள் டிசம்பர்வரை சொல்லக் கூடாது. நாளைக்குக்கூடச் சொல்லக் கூடாது. நான் அந்த இடத்தில் தொடர்ந்து வேலை செய்யப் போகிறேன்."

நீதிபதி கோப்பை மூடினார். பிறகு கொம்பனிச் சட்டத்தரணியிடம், "வெளியே போய் உங்கள் ஆளோடு கதைத்துவிட்டு வாருங்கள்" என்றார். அவர்கள் திரும்பி வந்து, எச்சரிக்கையை உடனே எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். வெளியே விறாந்தையில் முகாமையாளர் என்னைக் கடந்து போனார். நான் வணக்கம் சொன்னேன். அவரும் சொல்ல வேண்டி வந்தது.

உறைகுளிர் அறையில் இருந்து இன்னும் எடுக்கவில்லை. அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான உடல்நிலையை எழுதுங்கள்.

உங்கள்
நிற்றா

•

மன்னார்
01.09.2024

அன்பான நிற்றாவுக்கு,

உண்மையான உடல்நிலை: பிரஷர் கொஞ்சம் கூட. முழங்கால் இரும்பு.

அண்ணன் எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை. சொல்லாததற்குக் காரணம் கேட்டாய். சொல்லியிருந்தால் நீ எனக்காக வழக்கை எடுத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? பிறகு வாழ்நாள் முழுக்க என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாள் உனக்கு நினைவு வரும். அப்படி ஒரு கலியாணச் சாப்பாடு எனக்கு இறங்காது.

இன்னொன்றையும் விளங்கிக்கொள். நான் உன்னை ஏசியதில் ஒரு சொல்லையும் திருப்பி வாங்கவில்லை. நீ செய்தது புத்தியில்லாத வேலை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் உன்னை ஏசுவது எனக்கும் உனக்கும் இடையிலுள்ள விஷயம். உன்னை மடக்குவதற்கு இன்னொருவர் என் கையைக் கேட்டால், அவர் அண்ணன் என்றாலும் கொடுக்கமாட்டேன்.

நீதிமன்றப் பகுதியை நாலு தரம் வாசித்தேன். ஆசிரியர் அறையில் உரக்கவும் வாசித்தேன். அதிபர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

போன கிழமை பாலத்தடியில் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லி இறங்கினேன். கொண்டக்டர், "ரீச்சர், இதில ஒண்டும் இல்லையே!" என்றான். தண்ணீரில் கால் நீண்ட, சொண்டு நீண்ட சாம்பல் பறவைகள் நின்றன. பெயர் தெரியாது. உச்சி வெயில், தலை சுற்றியது. பெரிய அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன்.

கலியாணத்துக்குப் போ. அண்ணன் வராதே என்று எழுதியிருப்பார் என்று தெரியும். போ.

அன்புடன்
அக்கா

•

பீலெஃபெல்ட்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன், உடம்பு நன்றாக இருக்கிறது.

கலியாணத்துக்கு முதல் நாள் தேனுஜாவே போன் எடுத்தாள். "மாமி, அப்பா என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியும். இது என்ர கலியாணம். வாங்கோ." எனக்கு வேறென்ன வேண்டும்?

தேவாலயத்தில் கடைசி வாங்கில் இருக்கவில்லை. மாமி இருக்க வேண்டிய இரண்டாம் வாங்கில் போய் இருந்தேன். உங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு தேனுஜா வந்தாள். எனக்கு முன்னால் வந்ததும் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள், "பெரிய மாமி அனுப்பினது" என்று.

டோர்ட்மண்டில் விருந்து மண்டபம். வாசலில் அண்ணையிடம் வேலை செய்கிற நிசாந்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. அண்ணை உங்களை உள்ளுக்கு விடவேண்டாம் எண்டு..."

"தம்பி, நீ ஜெசிந்தன் அண்ணை சொல்லுறதைக் கேக்கத்தான் வேணும். அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பி நில்."

சிரித்துவிட்டான். உண்மையாகவே திரும்பி நின்றான். நான் உள்ளே போனேன்.

பந்தி தொடங்கிய பிறகு அண்ணை நேரே என் மேசைக்கு வந்தார். கோட், சூட், வியர்வை. சுற்றியிருந்த மேசைகளில் கதை நின்றது.

"ஏன் வந்தனி?"

"கலியாணத்துக்கு."

"நான் கூப்பிடேல்லை."

"கலியாணப் பொம்பிளை கூப்பிட்டவள்."

"எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நான் களவெடுக்கேல்லை, பொய் சொல்லேல்லை. வழக்கு முடிஞ்சுது, தாளையும் கிழிச்சாச்சு. உங்கட ஆக்களில ஒருத்தருக்கும் வேலை போகேல்லை. என்னில கோவமெண்டா என்னோட நில்லுங்கோ அண்ணை. அக்காவை மறிச்சது பிழை."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். வயதாகிவிட்டது, அக்கா. கன்னத்தில் சவரக் காயம் ஒன்று. நான் அவரைப் பார்த்துப் பாவப்பட்டேன், ஆனால் எழும்பவில்லை.

"சாப்பிட்டுப் போ," என்றார், பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டு.

"போட்டோவுக்கும் நிப்பன்," என்றேன்.

நின்றேன். அண்ணைக்கும் எனக்கும் நடுவில் மூன்று பேர். இன்றுவரை அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

இனிக் காரியம். உங்களுக்கான அழைப்புப் பத்திரத்தை இந்த முறை நான் போட்டிருக்கிறேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளத் தாளைக் காட்டி, என் பெயரில், என் கையெழுத்தில். இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. கலியாணம் இல்லை, நினைவுநாள் இல்லை. சும்மா வாருங்கள். மார்ச்சில் கீபிட்ஸ் வரும். தொழிற்சாலைப் பக்கம் வராது. ஆனால் தெற்கே ஒரு சோளக்காட்டுக்காரர் தன் வயலில் கூட்டைச் சுற்றித் தடி நட்டு, அந்த இடத்தை விட்டு உழச் சம்மதித்திருக்கிறார். கிறிஸ்தோப்பர் கதைத்தார், நானும் போய்க் கதைத்தேன்.

உங்கள்
நிற்றா

•

மன்னார்
19.01.2025

அன்பான நிற்றாவுக்கு,

பிரஷர் மட்டம். காய்ச்சல் ஒன்று வந்து போனது, அதற்காக நீ பதற வேண்டாம். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் காய்ச்சல் இல்லை. எழுதுவதற்கு நல்ல செய்தி கிடைக்கட்டும் என்று இருந்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காததையே எழுதுகிறேன்.

விசா மறுத்துவிட்டார்கள். கலியாணமாகாத பெண், பிள்ளை குட்டி இல்லை, அடுத்த வருஷம் ஓய்வூதியம். திரும்பி வருவேன் என்பதற்கு உறுதி இல்லையாம். முப்பது வருஷமாக ஒரே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பித் திரும்பி வந்த ஆளைப் பார்த்து அப்படி எழுதியிருக்கிறார்கள்.

முதல் தரம் பயண நோக்கம் என்ற இடத்தில் 'குடும்பத்தினரைச் சந்தித்தல்' என்று எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார்கள். போன வியாழன் திரும்பவும் கொழும்புக்குப் போனேன். இந்த முறை நானே எழுதினேன்: 'தங்கையோடு பறவை பார்த்தல்'. பத்திரம் நிரப்பிக் கொடுக்கிற பெடியன் பேனையை வைத்துவிட்டான்.

"அன்ரி, இப்பிடி எழுதினா ஒருநாளும் தரமாட்டினம். வருத்தம், பிள்ளைப்பேறு, ஏதாவது போடுங்கோ."

"ஆருக்கும் வருத்தம் இல்லை. பிள்ளைப்பேறும் இல்லை."

"நம்பமாட்டினம் அன்ரி."

"நம்பாட்டி இன்னொருக்கா வருவன்."

விசா அலுவலக யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்ன பறவை?" என்று கேட்டாள். நீ எழுதியதையெல்லாம் சொன்னேன், கொண்டையும் முதுகும் புரளுகிற பறப்பும். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். நான் முடிக்கும்வரை நகரவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. மார்ச்சுக்குள் வராவிட்டால் அடுத்த மார்ச். நான் ஓய்வு பெறுகிறவள், எனக்கு நேரம் இருக்கிறது.

நீ பெல்ட்டுக்குத் திரும்பிவிட்டாய் என்று தேனுஜா சொன்னாள். நல்லது. அண்ணன் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குப் போன் எடுத்தார். "எப்படி இருக்கிறாய்?" என்றார். விசாவுக்குப் போட்டிருக்கிறேன் என்றேன். "ஆர் பத்திரம் போட்டது?" என்றார். "நிற்றா" என்றேன். பிறகு, "பிளேன் எங்கை இறங்குது எண்டு சொல்லு" என்றார். சொல்லலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

சேற்றுக்குள் நிற்கத்தக்க சப்பாத்து ஒரு சோடி எனக்கு வாங்கி வை. மலிவாய்ப் பார்க்காதே, அடுத்த அடுத்த வருஷத்துக்கும் நிற்க வேண்டும்.

அன்புடன்
அக்கா சுஜீவா